குருதிக் கொடையும் மயக்கமும்: சிரிப்பவர்களிடம் சில கேள்விகள்

ஜூன் மாதம் 14 ஆம் திகதி உலகக் குருதிக் கொடையாளர் தினமாகும். குருதி வகைகளைக் கண்டறிந்த கார்ல் லான்ட்ஸ்டெய்னரின் பிறந்த நாளான அத்தினம் 2004 ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் அனுஷ்டிக்கப்பட்டு வருகின்றது. அந்நாளையொட்டி மட்டுமன்றி, வெசாக், பொசொன் காலங்களிலும், பாடசாலைகளின் ஆண்டு நிறைவுகளிலும், விளையாட்டுக் கழகங்களின் விழாக்களிலும், அமரர்களின் நினைவு நாட்களிலும் இலங்கையின் நாலா பக்கங்களிலும் இரத்ததான முகாம்கள் நடைபெறுகின்றன. அவை பற்றிய செய்திக் குறிப்புகள் முப்பது வருடங்களாக எனது மேசைக்கு வந்துகொண்டிருக்கின்றன. பிரதம விருந்தினர் யார், மங்கள விளக்கை ஏற்றியவர் யார், எத்தனை பேர் குருதி வழங்கினார்கள் என்ற விபரங்கள் அவற்றில் தவறாமல் இருக்கும். எத்தனை பேர் மயங்கி விழுந்தார்கள், அவர்களுக்கு என்ன செய்யப்பட்டது என்ற விபரத்தை ஒரு குறிப்பிலேனும் நான் கண்டதில்லை.

எவரும் விழாதபடியால்தான் எழுதப்படவில்லை என்று யாரும் வாதிட வரமாட்டார்கள். இரத்ததான முகாம் ஒன்றை ஒரு மணிநேரம் நின்று பார்த்தவர்களுக்கு உண்மை தெரியும். குருதி வழங்குபவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் ஐவர் வரை ஏதோவொரு அளவில் தலைச்சுற்றல், வியர்வை, குமட்டல், கண் இருளுதல் ஆகியவற்றுக்கு உள்ளாகின்றார்கள் என்றே பல நாடுகளின் அனுபவம் கூறுகின்றது. முற்றாக நினைவிழப்பவர்கள் அவர்களிலும் மிகச் சிறுபான்மையினர். இலங்கையில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ நான்கு இலட்சம் பை குருதி சேகரிக்கப்படுகின்றது. நூற்றுக்கு ஒருவர் என்ற மிகக் குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும், ஆண்டுதோறும் நாலாயிரம் பேர் கொடைக் கட்டிலிலோ, தேநீர் மேசையிலோ, வாசற்படியிலோ தள்ளாடுகின்றார்கள் என்றாகின்றது. இந்த நாலாயிரம் பேரைப் பற்றி எமது சமூகத்தில் பேச்சே இல்லை. பேச்சு எழுந்தாலும் அது பகிடியாகவே எழுகின்றது.

அந்தப் பகிடிகளுக்கு எதிராகவே இதனை எழுதுகின்றேன். குருதி வழங்கும்போது ஒருவர் மயங்குவது அவருடைய குணக்குறைபாடும் அன்று, நோயும் அன்று. அது உடலின் ஓர் அனிச்சைச் செயல். யாருக்கு அது நேரக்கூடும் என்பதைப் பெருமளவுக்கு முன்கூட்டியே ஊகிக்கலாம். அதனைக் கணிசமாகக் குறைக்கவும் வழிகள் உண்டு. அவ்வழிகளைக் கைக்கொள்ளாமல் விட்டுவிட்டு விழுந்தவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள், எங்கோ ஒரு வைத்தியசாலையில் குருதிக்காகக் காத்திருக்கும் நோயாளிக்கே தீங்கு செய்கின்றார்கள்.

எம்மவரிடையே மயக்கத்துக்கு மூன்று விளக்கங்கள் புழக்கத்தில் உள்ளன. முதலாவது, அவன் பயந்தாங்கொள்ளி என்பது. இரண்டாவது, அவனுடைய உடம்பில் இரத்தம் போதாது என்பது. மூன்றாவது, பெண்பிள்ளைகள் என்றால் அப்படித்தான் என்பது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதற்கு முன்னர், மயக்கம் எவ்வாறு நிகழ்கின்றது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு கொடையின்போது ஏறத்தாழ 450 மில்லிலீற்றர் குருதி, வழக்கமாகப் பத்து நிமிடங்களுக்குள் நாளத்திலிருந்து எடுக்கப்படுகின்றது. இதயத்துக்குத் திரும்பிச் செல்லும் குருதியின் அளவு அதனால் குறைகின்றது. கழுத்து நாடியிலும் இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் வளைவிலும் அமைந்துள்ள அமுக்க உணரிகள் இக்குறைவை உடனே அறிந்து மூளைக்கு அறிவிக்கின்றன. மூளை இதயத்தை விரைவாகத் துடிக்கச் செய்கின்றது. குருதிக்கலன்களை இறுகச் செய்கின்றது. இதனால் குருதி அமுக்கம் தாழாமல் நிற்கின்றது. பெரும்பாலான கொடையாளர்களுக்கு விடயம் இவ்வளவோடு முடிந்துவிடும். அவர்கள் எழுந்து பணிஸும் தேநீரும் உட்கொண்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள்.

சிலரிடம் மட்டும் இந்த ஏற்பாடு திடீரெனத் தலைகீழாக மாறிவிடுகின்றது. விரைந்து துடித்துக்கொண்டிருந்த இதயம் வேகஸ் என்னும் நரம்பின் கட்டளையால் மெதுவாகின்றது. இறுகியிருக்க வேண்டிய குருதிக்கலன்கள் தளர்கின்றன. குருதி அமுக்கம் சரிகின்றது. மூளைக்குச் செல்லும் குருதி போதாமற் போகின்றது. முகம் வெளிறும், குளிர்ந்த வியர்வை அரும்பும், கொட்டாவி வரும், வயிற்றைப் பிரட்டும், காது இரையும், கண் இருளும், பின்னர் ஆள் விழுவார். இதயம், குருதிக்கலன்கள் ஆகிய இரண்டின் பங்கையும் குறிக்கும் ஆங்கிலப் பெயரான 'வேசோவேகல்' என்ற சொல்லை மருத்துவ உலகில் நிலைபெறச் செய்தவர்களுள் முக்கியமானவர் பிரித்தானிய வைத்தியர் தோமஸ் லூயிஸ். 1932 ஆம் ஆண்டில் அவர் இது பற்றி எழுதினார்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரித்தானியாவில் பெருந்தொகையானோர் குருதி வழங்க முன்வந்தபோது, இந்த மயக்கம் ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்தது. ஹென்றி பார்க்ரொப்டும் அவருடைய சகாக்களும் தொண்டர்களிடமிருந்து குருதியை எடுத்து, மயக்கம் வரும் கணத்தில் அவர்களுடைய முன்கையினூடாக எவ்வளவு குருதி பாய்கின்றது என்பதை அளந்தார்கள். குறைந்திருக்க வேண்டிய அந்தக் குருதியோட்டம் அக்கணத்தில் கூடியிருந்தது. தசைகளிலுள்ள குருதிக்கலன்கள் விரிந்துவிட்டன என்பதே இதன் பொருள். 1944 ஆம் ஆண்டில் லான்செற் மருத்துவ சஞ்சிகையில் இதனை அவர்கள் வெளியிட்டார்கள். எண்பது வருடங்களுக்கு முன்னரே ஆய்வுகூடத்தில் அளந்து காட்டப்பட்ட ஒன்றை நாம் இன்னமும் 'பயந்திட்டான்' என்ற ஒற்றைச் சொல்லால் விளங்கப்படுத்திக்கொண்டிருக்கின்றோம்.

இனி முதலாவது குற்றச்சாட்டுக்கு வருவோம். பயத்துக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஊசி குத்தப்படுவதற்கு முன்னரே, குருதிப் பையைக் கண்டவுடனேயே மயங்குபவர்களும் உண்டு. ஆனால், பயம் என்றால் என்ன செய்யும் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பாம்பைக் கண்டு பயந்தவனுக்கு நெஞ்சு படபடக்கும். கால்கள் ஓடத் தயாராகும். குருதி அமுக்கம் ஏறும். அவன் மயங்கி விழுவது அரிது. குருதியையும் காயத்தையும் ஊசியையும் கண்டு கலங்குபவர்களுக்கு மாத்திரமே முதலில் ஏறிய அமுக்கம் சடுதியாகச் சரிகின்றது. ஏனைய அச்சங்களிலிருந்து இதனை மருத்துவர்கள் பிரித்துப் பார்ப்பதற்கு இதுவே காரணம். இது குடும்பங்களில் வழிவழியாகவும் வருகின்றது. தந்தைக்கு இருந்த சுருட்டை முடி மகனுக்கும் இருப்பதைப் பார்த்து எவரும் சிரிப்பதில்லை.

அதுமட்டுமன்று. தனக்கு ஊசியைக் கண்டால் ஒத்துவராது என்று தெரிந்தும், வரிசையில் நின்று, சட்டைக் கையை மடித்துக் கையை நீட்டுகின்றவனைக் கோழை என்பதற்கு எந்த அகராதியில் இடம் இருக்கின்றது? கோழை முகாமுக்கே வந்திருக்கமாட்டான். முகாமுக்கு வராமல் வீட்டில் இருந்தவர்களும், வந்தும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவர்களுமே பெரும்பாலும் இந்தச் சொல்லை உரத்துச் சொல்லுகின்றார்கள்.

இரண்டாவது விளக்கம், உடம்பில் இரத்தம் போதாது என்பது. இது முற்றிலும் தவறானது. குருதிச் சோகை உள்ளவர்கள் கட்டிலுக்குப் போவதற்கு முன்னரே திருப்பி அனுப்பப்படுகின்றார்கள். விரல் நுனியில் குத்தி எடுக்கும் ஒரு துளியைக் கொண்டு ஈமோகுளோபின் பரிசோதிக்கப்படுவது அதற்காகவே. அந்தப் பரிசோதனையில் தேறியவருக்கே ஊசி ஏற்றப்படுகின்றது. ஆகவே, விழுந்தவரின் குருதியில் குறை காண்பவர்கள், பரிசோதித்து அனுமதித்த வைத்தியரைவிடத் தமக்கு அதிகம் தெரியும் என்று சொல்லுகின்றார்கள். எடுக்கப்பட்ட குருதியின் திரவப் பகுதி ஓரிரு நாட்களுக்குள் மீண்டுவிடும். செங்கலங்கள் சில வாரங்களில் நிரம்பும். இரும்புச் சத்து ஈடாகுவதற்கே மாதக்கணக்கில் செல்லும். அதனாலேயே இலங்கையில் ஒரு கொடைக்கும் அடுத்த கொடைக்கும் இடையில் நான்கு மாத இடைவெளி வேண்டப்படுகின்றது.

மூன்றாவது விளக்கமே என்னை அதிகம் கோபப்படுத்துவது. பெண்கள் கூடுதலாக மயங்குகின்றார்கள் என்பது உண்மை. அதற்கான காரணம் மனத் திடத்தில் இல்லை, எளிய கணக்கில் இருக்கின்றது. 80 கிலோகிராம் நிறையுள்ள ஆண் ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஐந்தரை லீற்றர் குருதி இருக்கும். அவரிடமிருந்து 450 மில்லிலீற்றர் எடுத்தால் அது எட்டு வீதம். 50 கிலோகிராம் நிறையுள்ள பெண் ஒருவரின் உடலில் மூன்றேகால் லீற்றர் அளவே இருக்கும். அதே பை அவருக்குப் பதினான்கு வீதம். மயக்கத்தைத் தவிர்ப்பதற்காக, உடலிலுள்ள குருதியில் 13 வீதத்துக்கு மேல் எடுக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2012 ஆம் ஆண்டு வெளியிட்ட கொடையாளர் தெரிவு வழிகாட்டல் கூறுகின்றது. அந்தச் சிறிய உடல் கொண்ட பெண் தனது பங்குக்கு மேலாகவே கொடுத்துவிட்டு விழுகின்றார். பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் பருத்த ஆண் அதில் பாதிப் பங்குக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, அவரைப் பார்த்துப் புன்னகைக்கின்றார். யார் யாரைப் பார்த்து வெட்கப்பட வேண்டும்?

வயதும் அவ்வாறே. பதினெட்டு, இருபது வயதினர் நாற்பது வயதினரைவிடக் கூடுதலாக மயங்குகின்றார்கள். முதல் தடவை கொடுப்பவர்கள் பல தடவை கொடுத்தவர்களைவிடக் கூடுதலாக மயங்குகின்றார்கள். முன்னர் ஒரு தடவை மயங்கியவருக்கு அது மீண்டும் நேர்வதற்கான வாய்ப்பு அதிகம். நித்திரை குறைந்தவர், சாப்பிடாமல் வந்தவர், தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நின்றவர் ஆகியோரும் இப்பட்டியலில் அடங்குவர். இளவயது, முதற்கொடை, சிறிய உடல் ஆகிய மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால், அவரை எந்த வைத்தியரும் முன்கூட்டியே அடையாளம் கண்டுகொள்ளலாம். எமது பாடசாலை முகாம்களும் பல்கலைக்கழக முகாம்களும் பெரும்பாலும் இத்தகையவர்களாலேயே நிரம்பியிருக்கின்றன. அவ்வாறிருந்தும் அங்கு விசேட ஏற்பாடு எதுவும் செய்யப்படுவதில்லை.

சில வருடங்களுக்கு முன்னர் வடக்கில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்த முகாமுக்குப் போயிருந்தேன். பாடசாலையின் பெயர் இங்கு வேண்டியதில்லை. எந்தப் பாடசாலையிலும் நடக்கக்கூடிய காட்சிதான். வைகாசி மாத வெயில். காலை எட்டரைக்கு வரச்சொன்ன இளைஞர்கள், பிரதம விருந்தினர் வந்து சேர்ந்து, பொன்னாடை போர்த்தி, நான்கு உரைகள் முடியும் வரை பத்தரை மணி மட்டும் காத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமையாதலால் சிலர் விரதம். குடிதண்ணீர் மண்டபத்தின் மறு கோடியில் ஒரு மூலையில் இருந்தது. பதினொன்றரை மணியளவில், நெடிய உருவமும் கரப்பந்தாட்ட வீரனுக்குரிய தோள்களும் கொண்ட பையன் ஒருவன் கொடை முடிந்து உடனே எழுந்து, தேநீர் மேசை வரை நடந்து வந்து, மேசை விரிப்பையும் இழுத்துக்கொண்டு சரிந்தான். நண்பர்கள் சிரித்தார்கள். ஒருவன் கைத்தொலைபேசியை எடுத்துப் படம் பிடித்தான். இரண்டு பெரியவர்கள் அவனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக் கதிரையில் நிமிர்த்தி இருத்தினார்கள். கைகால்கள் வெட்டி இழுத்ததைக் கண்ட இன்னொருவர், வலிப்பு என்று சொல்லித் திறப்புக் கோர்வையை அவனுடைய உள்ளங்கையில் திணித்தார். தாதி ஒருவர் ஓடிவந்து எல்லோரையும் விலக்கி, அவனை நிலத்தில் கிடத்திக் கால்களைக் கதிரையின் மேல் தூக்கி வைத்தார். இரண்டு நிமிடங்களில் கண் விழித்தான்.

அந்தத் தாதி மட்டுமே அங்கு சரியானதைச் செய்தவர். மயங்கியவரை நிமிர்த்தி இருத்துவது, மூளைக்குக் குருதி போகும் வழியை மறிப்பதற்கு ஒப்பானது. உடல் தரையில் விழுவதே இயற்கை தரும் வைத்தியம். கிடந்த நிலையில் கால்களிலுள்ள குருதி இதயத்துக்குத் திரும்பி, அமுக்கம் ஏறுகின்றது. மூளைக்குக் குருதி குறைந்த அச்சில கணங்களில் கைகால்கள் வெட்டுவதும் உண்டு. அது காக்கை வலிப்பன்று. இரும்புத் திறப்பால் அதற்கு ஆவது ஒன்றுமில்லை. மயங்கிக் கிடப்பவரின் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றுவது ஆபத்தானது. இவ்வளவு சிறிய அறிவுகூட ஒரு மண்டபம் நிறைந்த படித்தவர்களிடம் இருக்கவில்லை.

அந்தப் பையன் கண் விழித்ததும் கேட்ட முதற்கேள்வி, 'ஆர் ஆர் பார்த்தவை?' என்பதாகும். அடுத்த வருடம் அதே கழகம் நடத்திய முகாமில் அவனை நான் காணவில்லை.

இங்குதான் இது தனிமனிதனின் மானப் பிரச்சினை என்ற நிலையைக் கடந்து பொதுப் பிரச்சினை ஆகின்றது. முதற்கொடையில் மயங்கியவர்கள் மீண்டும் குருதி வழங்க வருவது குறைவு என்பதைப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. முழுமையாக விழாமல் சற்றே தலை சுற்றியவர்கள்கூடத் தயங்குகின்றார்கள். மயக்கத்தைக் கண்கூடாகப் பார்த்த அயற்கட்டிலாரும் தயங்குகின்றார்கள். ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை, வருடத்துக்கு இரண்டு தடவை வீதம் நாற்பது வருடங்கள் கொடுத்தால் எண்பது பை. அந்த எண்பது பைகளையும் ஒரு பகிடியால் நாம் இழக்கின்றோம்.

இலங்கை இந்த இழப்பைத் தாங்கக்கூடிய நாடு அன்று. நோயாளியின் உறவினரைப் பிடித்து ஈடுகேட்கும் பழைய முறையைக் கைவிட்டு, 2014 ஆம் ஆண்டில் முழுக்க முழுக்கத் தொண்டர் கொடையில் தங்கிய நாடாக நாம் மாறினோம். அதே ஆண்டு உலகக் குருதிக் கொடையாளர் தினத்தின் சர்வதேச நிகழ்வுக்கு இலங்கையே விருந்தேற்பு நாடாக இருந்தது. பெருமைப்பட வேண்டிய சாதனை இது. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னர் மக்கள் இன மத வேறுபாடின்றி இரத்த வங்கிகளின் முன் வரிசையில் நின்றதையும் நாம் கண்டோம். ஆனால், பேரிடர் நாளில் வரும் கூட்டத்தால் மட்டும் ஒரு இரத்த வங்கி இயங்க முடியாது. செங்கலங்களை ஆறு வாரங்கள் வரைதான் சேமித்து வைக்கலாம். குருதிச் சிறுதட்டுக்களின் ஆயுள் வழக்கமாக ஐந்து நாட்கள். குருநாகலிலும் பிற இடங்களிலும் சிகிச்சை பெறும் தலசீமியா நோயுள்ள பிள்ளைகளுக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு தடவை, வாழ்நாள் முழுவதும் குருதி ஏற்றப்பட வேண்டும். பிரசவத்தில் குருதி பெருகிய தாய்க்கு அடுத்த மாத முகாம் வரை காத்திருக்க முடியாது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் இரத்த வங்கியில் தட்டுப்பாடு என்ற அறிவித்தல்களைப் பத்திரிகைகளில் அடிக்கடி வாசிக்கின்றோம். திரும்பத் திரும்ப வருகின்ற கொடையாளனே இந்த அமைப்பின் முதுகெலும்பு. அவனைத்தான் நாம் சிரித்துத் துரத்துகின்றோம்.

ஏற்பாட்டாளர்கள் சிலர் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கின்றார்கள். மயக்கத்தைப் பற்றிப் பேசினால் சனம் வராது. வருபவர்களும் அதையே நினைத்து நினைத்து மயங்கிவிடுவார்கள் என்கின்றார்கள். கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும். ஆனால், மறைப்பதால் மயக்கம் குறைந்துவிட்டதா? இல்லையே. அறியாமல் வந்தவன் கண் இருளும்போது தனக்கு ஏதோ பேராபத்து என்று எண்ணுகின்றான். அல்லது வெட்கத்தால் வாய் திறவாமல் எழுந்து நடக்க முனைந்து, தலையைச் சீமெந்துத் தரையில் அடித்துக்கொள்கின்றான். அறிந்தவனோ கட்டிலில் இருக்கும்போதே தாதியைக் கூப்பிட்டுச் சொல்லுவான். தாதி கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்துவார். அத்துடன் விடயம் முடிந்துவிடும்.

இங்கிலாந்தின் குருதிச் சேவை இதனை ஒளித்து வைப்பதில்லை. கொடைக்குச் சற்று முன்னர் 500 மில்லிலீற்றர் பானம் அருந்துமாறும், கட்டிலில் இருக்கும்போது தசைகளை இறுக்கித் தளர்த்துமாறும் அது கொடையாளர்களிடம் வெளிப்படையாகக் கேட்டுக்கொள்கின்றது. லண்டனில் குருதி வழங்கும் எமது உறவுகளுக்கு இது புதிதாக இராது. அமெரிக்காவில் உயர்தரப் பாடசாலை மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2007 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், கொடைக்கு முன்னர் அரை லீற்றருக்குச் சற்றுக் குறைவான தண்ணீரைக் குடித்தவர்களிடையே மயக்கமும் அதையொத்த உபாதைகளும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. மருந்து இல்லை, இயந்திரம் இல்லை, தண்ணீர் மாத்திரம். தசைகளை இறுக்கும் முறையைச் சுவீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ் கோரன் ஓஸ்ட், குருதியைக் கண்டால் மயங்குபவர்களுக்காக 1980களில் வகுத்தார். தொடையையும் வயிற்றையும் ஊசி குத்தப்படாத கையையும் சில வினாடிகள் இறுக்கிப் பின்னர் தளர்த்த வேண்டும். இதனைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கால்களில் தேங்கும் குருதியை அது இதயத்தை நோக்கித் தள்ளுகின்றது. இதற்கும் ஐந்து சதம் செலவில்லை.

இன்னொரு சாராரின் வாதம், ஒரு மைலோப் பொதியைக் கொடுத்தால் ஆள் எழும்பிவிடும், இதற்கு ஏன் இவ்வளவு ஆரவாரம் என்பது. இவர்கள் முகாம் வாசலுக்கு அப்பால் நடப்பதை அறியாதவர்கள். சில மயக்கங்கள் கொடை முடிந்து கொடையாளர் அங்கிருந்து புறப்பட்ட பின்னரே வருகின்றன. பெண்களிடையே இது கூடுதலாகக் காணப்படுகின்றது. பேருந்தில் நின்றபடி போகும்போது, மாடிப்படியில், குளியலறையில், மோட்டார் சைக்கிளில் இது நேர்ந்தால் என்ன ஆகும்? மயக்கம் தன்னளவில் ஆளைக் கொல்வதில்லை. விழுகின்ற இடம் கொல்லக்கூடும். பத்துப் பதினைந்து நிமிடம் இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் போ என்று சொல்லுவது உபசாரத்துக்காகச் சொல்லும் வார்த்தை அன்று.

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எனது குற்றச்சாட்டு தேசிய குருதிமாற்றுச் சேவையின் வைத்தியர்கள்மீதோ தாதியர்கள்மீதோ அன்று. வெயிலிலும் மழையிலும் நாடு முழுவதும் நடமாடும் முகாம்களுக்குச் சென்று, அந்நாட்டின் குருதியில் மிகப் பெரும் பகுதியைச் சேகரித்துத் தருகின்றவர்கள் அவர்களே. அவர்களுக்கு இவையெல்லாம் தெரியும். மண்டபமும் நேரசூசியும் ஒலிபெருக்கியும் அவர்கள் கையில் இல்லை. அவை எமது கழகங்களின், சங்கங்களின், பழைய மாணவர்களின் கையில் இருக்கின்றன. சென்ற ஆண்டைவிட ஐம்பது பை கூடுதலாகச் சேர்த்தோம் என்ற பெருமைக்காக வரிசையை அவசரப்படுத்துபவர்களும் அவர்களே.

ஆகவே அவர்களிடம் சில கோரிக்கைகள். உரைகளை வேறொரு நாளுக்கு ஒத்திவையுங்கள். கொடையாளர்களை நேரம் குறித்து அழையுங்கள். விரத நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். போயா தினத்தில் சில் அனுஷ்டிப்பவர்கள் மதியத்துக்குப் பின்னர் உண்பதில்லை என்பதைப் பௌத்த அன்பர்கள் அறிவார்கள். முகாமைக் காலையில் நடத்துங்கள். வாசலிலேயே தண்ணீரை வையுங்கள். குடித்துவிட்டுத்தான் உள்ளே போகலாம் என்று சொல்லுங்கள். முதல் தடவை வருபவர்களுக்கு ஓர் அட்டையோ நாடாவோ கொடுத்து, அவர்கள் அருகில் ஒரு தொண்டரை நிறுத்துங்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பதே பாதி வைத்தியம். காத்திருப்பவர்கள் கட்டில்களைப் பார்க்காதபடி ஒரு திரையைக் கட்டுங்கள். ஒருவர் விழுவதைக் கண்டால் அடுத்தடுத்துச் சிலர் விழுவதுண்டு. கைத்தொலைபேசிகளால் படமெடுப்பதைத் தடைசெய்யுங்கள். எழும்பும்போது முதலில் கட்டிலில் கால் தொங்கவிட்டு இருந்து, பின்னர் நிற்கச் சொல்லுங்கள். மயங்கியவருக்கு மறுநாள் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துச் சுகம் விசாரியுங்கள். அந்த ஓர் அழைப்பு அவரைத் திரும்ப அழைத்து வரக்கூடும். இவற்றுள் எதற்கும் அமைச்சரின் அனுமதி தேவையில்லை.

கடைசியாக, இதனை வாசிக்கும் உங்களில் எவராவது முன்னொரு நாள் அப்படி விழுந்து, அந்த வெட்கத்தால் ஒதுங்கியிருந்தால், உங்களுக்கு ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் இருந்தாலென்ன, ரொறன்ரோவில் இருந்தாலென்ன, விடயம் ஒன்றுதான். உங்களுக்கு நேர்ந்ததை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். நீங்கள் மீண்டும் கொடுக்கலாமா என்பதை அவர் தீர்மானிக்கட்டும். கொடுக்கலாம் என்றால், முதல்நாள் நன்றாக நித்திரை கொண்டு, காலையில் சாப்பிட்டு, அரை லீற்றர் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். தசைகளை இறுக்கும் பயிற்சியைச் செய்யுங்கள். தடவைகள் கூடக்கூட மயங்கும் வாய்ப்புக் குறைகின்றது. ஒவ்வொரு தடவையும் மயங்குபவராயின், வேண்டாம் என்று வைத்தியர் சொல்லக்கூடும். அதனால் ஒரு குறையும் இல்லை. வாசலில் நின்று தண்ணீர் கொடுப்பதற்கும், முதற்கொடையாளரின் அருகில் இருந்து தைரியம் சொல்வதற்கும் உங்களைவிடத் தகுதியானவர் எவருமில்லை. அங்கு எவராவது சிரித்தால், தாங்கள் கடைசியாகக் குருதி கொடுத்தது எப்போது என்று மட்டும் அவரிடம் கேளுங்கள்.